தலையில்லாப் பாம்பு

அறியாத பொருள் ஒன்று கண்ணில் பட்டதும் அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால்தான் நம் மனம் அமைதி கொள்கிறது. பெயர் பொருந்துகிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதேயில்லை. இது வெறும் அவசரந்தானா, அல்லது உண்மைக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் விழும் குறையா?

அண்மையில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இலப்பைக்குடிக்காட்டில் நடந்த நிக்காஹ்வுக்குச் சென்றுவிட்டு, பிள்ளைகளின் விருப்பத்திற்காகப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியைக் காணப் போயிற்று. மழைநீர் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும் பொட்டல் நிலம் அது. அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒரு கல்லைக் கண்டெடுத்தாள். சுருண்டு படுத்த பாம்பின் வடிவம். உடல் முழுதும் விலா எலும்பு போன்ற வரிமேடுகள். அதைக் கழுவித் துடைத்து, கைக்குட்டையின்மேல் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்தார்கள். அன்றிரவே அப்படம் உறவினர் அனைவரையும் எட்டிவிட்டது. பாம்பு கல்லாகிவிட்டது என்றார் பெரியத்தா. கிடாயின் கொம்பு என்றார் மாமு. டைனோசர்க் குட்டியென அடித்துச் சொன்னான் கல்லூரி மாணவன் ஒருவன். "பாம்பென்றால் தலை எங்கே?" என்று சிறுமி கேட்டாளாம். "உடைந்து போயிருக்கும்" என்று விடை வந்தது.

உண்மையில் அது அம்மோனைட்டு எனப்படும் கடலுயிரின் ஓடு. நம் கடற்கரை ஊர்களில் ஆணம் காய்ச்சி உண்கிறோமே, அந்தக் கணவாய்க்குத் தூரத்து உறவு. ஓட்டின் உள்ளே அறை அறையாய்த் தடுப்புகள் உண்டு. வளர வளர அவ்வுயிர் புதிய அறையைக் கட்டிக்கொண்டு கடைசி அறையில் மட்டுமே வாழ்ந்தது. பழைய அறைகள் அது மிதப்பதற்குத் துணைநின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காரைப் பகுதி கடலடியாய்க் கிடந்தது. அம்மோனைட்டுகளோ ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போயின. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, தென்னாட்டில் கிடைத்த இவ்வோடுகளை 1860களிலேயே படங்களுடன் விவரித்து எழுதினார். மாமு சொன்ன கொம்புக்கும் ஒரு பழம்பெருமை இருக்கத்தான் செய்கிறது: கிடாக்கொம்புடைய எகிப்தியத் தெய்வமான அம்மோனின் பெயரே இவ்வுயிருக்கு வழங்கலாயிற்று.

தலை உடைந்து போயிருக்கும் என்ற விடைதான் நம்மை உறுத்துகிறது. இங்கிலாந்தில் விட்பி என்றொரு கடற்கரை நகர் உண்டு. அங்கும் பாறைகளில் அம்மோனைட்டுகள் மலிந்திருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டா என்னும் துறவியார் பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது அவ்வூர்க் கதை. கதைக்குத் தடையாய் நின்றது தலை இல்லாமையே. அவ்வூர்க் கைவினைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுருளின் முனையில் பாம்புத் தலையைச் செதுக்கி விற்றார்கள்! கதையைத் திருத்துவதைவிடக் கல்லைத் திருத்துவது எளிதாய் இருந்தது போலும். பெரியத்தா கையில் உளி இல்லை. ஆனால் சிறுமியின் மனத்தில் அவர் செதுக்கியதும் ஒரு தலையே அன்றோ?

நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்ற செய்தி படங்களோடு காட்டுத்தீயாய்ப் பரவியது. அம்மோனைட்டுப் படிவங்கள் என்று அறிஞர்கள் தெளிவுபடுத்தினார்கள். முட்டை பரவிய வேகத்தில் இந்தத் தெளிவு பரவவில்லை.

பேத்தியின் ஆவலைத் தணிக்கப் பெரியவர் ஏதோ சொன்னார், இதற்கு இத்தனை விசாரணையா என்று சிலர் கேட்கக்கூடும். தணித்ததுதான் தவறு என்போம் நாம். தலையைப் பற்றிய அவள் கேள்வி எவ்வளவு கூர்மையானது! இன்னும் இரண்டடி நடந்திருந்தால் பாம்பு என்ற பெயரே உதிர்ந்திருக்கும். நம் முன்னோர் ஹதீஸ்களைத் திரட்டிய முறையை எண்ணிப் பாருங்கள். செய்தி எவ்வளவு அழகாய் இருந்தாலும் "இதை யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று தொடரைத் துருவினார்கள். அந்த மரபில் வந்தவர்கள் ஒரு படத்தைக் கை மாற்றும்போது, இது எவ்விடத்தில் கிடந்தது என்றுகூடக் கேட்பதில்லை.

படமும் ஒரு சாட்சியே. ஆனால் கைக்குட்டையின்மேல் வீற்றிருக்கும் கல்லின் படம் பாதிச் சாட்சியை விழுங்கிவிட்டது. அருகில் ஒரு நாணயத்தை வைத்திருந்தால் அளவு தெரிந்திருக்கும். எடுப்பதற்கு முன்பே படம் பிடித்திருந்தால், எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தது என்பது தெரிந்திருக்கும். அறிந்தவர் ஒருவர் கல்லின் காலத்தைக் கணிக்க முதலில் நாடுவது அந்த அடுக்கைத்தான். அழகுக்காக விலக்கப்பட்ட மண்ணில்தான் விடையின் பெரும்பகுதி இருந்தது.

அறிஞர் அல்பிரூனி ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதியபோது, வியப்பான கல் எதையும் தேடிப் போகவில்லை. மலையை ஒட்டிய இடங்களில் உருண்ட பெருங்கற்கள், தொலைவு செல்லச் செல்லச் சிறுகற்கள், ஆறு கடலை நெருங்கும் இடத்தில் மணல் என்று கிடக்கும் வரிசையை மட்டும் கவனித்தார். ஆறுகள் சுமந்து வந்த வண்டலால் தூர்ந்துபோன பழைய கடலே இந்த நிலம் என்ற முடிவுக்கு அந்த வரிசைதான் அவரைக் கொண்டு சேர்த்தது.