லெஸ் பாலுக்கு மாற்று தேடும்போது

லெஸ் பால் கிட்டாரின் மேல் ஆசைப்பட்டுக் கடைக்குப் போய், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அவர்கள் அடுத்துக் கேட்பது, அதே மாதிரி, ஆனால் கையைக் கடிக்காமல் எதை வாங்கலாம் என்று. நாலைந்து பிராண்டுகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த 'அதே மாதிரி' கிட்டாரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், நிறமும் வடிவமும் மட்டுமே கைக்கு வந்து சேரும். என் கருத்து இது: வாங்கிய பிறகு மாற்றவே முடியாத அம்சங்களுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். மாற்றக்கூடியவை எவ்வளவு சுமாராக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிப்ஸன் நிறுவனம் இந்தக் கிட்டாரை 1952-இல் வெளியிட்டது. மஹோகனி உடல், அதன்மேல் செதுக்கி வளைத்த மேப்பிள் பலகை, கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு வெட்டு, உடலோடு பசையிட்டு ஒட்டிய நெக். 1957-இல் அதில் ஹம்பக்கர் பிக்கப் ஏறியது. கிப்ஸனில் வேலை பார்த்த சேத் லவர் உருவாக்கியது அது. இரண்டு கம்பிச் சுருள்களை எதிரெதிராக அமைத்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் சேர்ந்து கனக்கும். அப்போது இந்தக் கிட்டார் பெரிதாக விற்கவில்லை. 1961-இல் கிப்ஸன் அந்த வடிவத்தையே கைவிட்டது. 1966-இல் ஜான் மாயல் குழுவின் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை ஆம்ப்ளிஃபயர் கதறும்வரை வாசித்த பிறகு தேவை பெருகியது. 1968-இல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அம்சமும் உண்டு. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். லெஸ் பாலில் இது 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5. நீளம் குறைந்தால், அதே சுருதிக்குத் தந்தியில் இழுவிசை குறைவாக இருந்தாலே போதும். அதனால் விரலுக்குத் தந்தி இளகிக் கொடுக்கும், பெண்டிங் சுலபமாகும், ஒலியின் கூர்மையும் சற்று மழுங்கும். ஹம்பக்கரை எந்தக் கிட்டாரிலும் மாட்டலாம். ஸ்கேலை மட்டும் மாற்ற முடியாது. நெக் சேரும் விதம், நெக்கின் பருமன், ஹெட்ஸ்டாக் சாயும் கோணம் ஆகியவையும் அப்படியே. பிக்கப், பொட்டென்ஷியோமீட்டர், ட்யூனர், நட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரு நல்ல கிட்டார் மெக்கானிக் ஒரே நாளில் மாற்றித் தந்துவிடுவார்.

மூலத்திலும் குறைகள் உண்டு. ஹெட்ஸ்டாக் 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகுவதற்காக நட்டை ஒட்டியே மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து சாய்ந்தால் கிட்டார் முறிவது அந்த இடத்தில்தான். நடுவிலுள்ள இரண்டு தந்திகளும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகி ட்யூனருக்குப் போகின்றன. உராய்வினால் சுருதி கலைவது, குறிப்பாக மூன்றாம் தந்தியில், இதனால்தான். எடையோ பல சமயம் 4 கிலோவுக்கு மேல். ஆகவே மாற்று என்பது மலிவான நகலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் குறைகளைத் தீர்த்த கிட்டாராகவும் இருக்கலாம்.

அப்படித் தீர்த்தவர்களில் நான் முதலில் வைப்பது பி.ஆர்.எஸ். நிறுவனத்தை. 1950-களில் கிப்ஸனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி, முதிய வயதில் அதன் நிறுவனர் பால் ரீட் ஸ்மித்துக்கு ஆலோசகராக இருந்தார். மெக்கார்ட்டி 594 என்ற மாடல் அவர் பெயரைத் தாங்கியது. அதன் ஸ்கேல் 24.594 அங்குலம். ஹெட்ஸ்டாக்கில் தந்திகள் ஏறத்தாழ நேராகவே ட்யூனருக்குப் போவதால் சுருதி நிற்கிறது. இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்.இ. வரிசையிலும் அதே அமைப்புதான். பி.ஆர்.எஸ்.ஸின் சிங்கிள்கட் மாடலைத் தடுக்க கிப்ஸன் வழக்குப் போட்டு 2004-இல் தடை வாங்கியது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. கடையில் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அதை கிப்ஸன் என்று நினைத்து ஏமாறமாட்டார் என்பதில் இருதரப்புக்குமே கருத்து வேறுபாடு இல்லை.

மெட்டல் வாசிப்பவர்களுக்கு இ.எஸ்.பி.யின் எல்.டி.டி. ஈ.சி.-1000. உடல் மெலிது, நெக் உடலுக்குள் ஆழமாக இறங்குவதால் மேல் ஃப்ரெட்டுகளில் கட்டைவிரலைத் தடுக்கும் கட்டை இல்லை. பழைய மணம் வேண்டுவோருக்கு ஹெரிட்டேஜ் எச்-150. கிப்ஸன் 1984-இல் கலமசூ தொழிற்சாலையை மூடியபோது ஊரை விட்டுப் போக மறுத்த தொழிலாளர்கள் அடுத்த ஆண்டு அதே கட்டடத்தில் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் அதுவும் மலிவில்லை. ஜப்பானின் டோக்காய் லவ் ராக், 1970-களின் இறுதியிலிருந்து மூலத்தையே வெட்கப்பட வைத்த நகல். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

பெரும்பாலோருக்கு எட்டுவது எபிஃபோன். 1957 முதல் கிப்ஸனுக்குச் சொந்தமான பெயர். இதில்தான் மிகவும் கவனம் வேண்டும்: அதே லெஸ் பால் பெயரில், நெக்கைத் திருகாணியால் பூட்டிய குறைந்த விலை மாடல்களும் உண்டு. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நெக் சேருமிடத்தில் நான்கு திருகாணி தெரிந்தால் அது வேறு கட்டுமானம். ஸ்டாண்டர்ட் 50ஸ், 60ஸ் மாடல்கள் ஒட்டுநெக் கொண்டவை. முன்னதில் நெக் உருண்டு பருத்திருக்கும், பின்னதில் மெலிந்திருக்கும். எது உங்கள் கைக்கு என்பதைப் படம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மேலே மின்னும் புலிவரி வெறும் மெல்லிய மேப்பிள் ஏடு. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஃப்ரெட்போர்ட் ரோஸ்வுட் இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் இந்திய ரோஸ்வுட். 2017-இல் அந்த மரவகை முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் கிட்டார் தயாரிப்பாளர்கள் பலர் வேறு மரத்துக்கு மாறினார்கள். 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் எபிஃபோன் பல மாடல்களில் இந்தியன் லாரல், அதாவது நம் கருமருது, போடுகிறது. சற்றே வெளிறியிருக்கும், எண்ணெய் தடவினால் கறுக்கும். அழுத்தும்போது தந்தி தொடுவது ஃப்ரெட்டின் உலோகத்தைத்தான். இதற்காக ஒரு நல்ல கிட்டாரை ஒதுக்குவது வீண்.

கடையில் ஆம்பில் செருகுவதற்கு முன், சும்மா வாசித்துப் பாருங்கள். தந்தியின் ஒலி நீடித்து மெல்லத் தேய வேண்டும். மூன்றாம் தந்தியை முழுச் சுரம் இழுத்து விடுங்கள். நட்டில் 'டிங்' என்று சத்தம் வந்து சுருதி இறங்கினால் நட்டின் பள்ளம் இறுக்கம். சரிசெய்யலாம், விலை பேச உதவும். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டி ஃப்ரெட் முனை குத்துகிறதா பாருங்கள். பழைய கிட்டாரென்றால் ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து, நட்டுக்குப் பின்னால் வார்னிஷில் முடிபோல் கோடு ஓடுகிறதா என்று தேடுங்கள். ஓடினால் முறிந்து ஒட்டியதாக இருக்கலாம். ஒட்டு நன்றாக இருந்தால் வாசிப்புக்குக் குறையில்லை, ஆனால் விலை பாதியை நோக்கி இறங்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு பிக்கப் அல்ல: புதிய நட்டும், ஃப்ரெட் சமன் செய்து கொடுக்கும் முழு செட்டப்பும்.