விடைபெறுவோரின் அறை

குழந்தை பிறக்கும் இடத்தைப் பற்றி நாம் பல மாதங்களுக்கு முன்பே கவலை கொள்கிறோம். அறை தூய்மையாக இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், கைதேர்ந்தவர் அருகில் வேண்டும் என்றெல்லாம் ஆயத்தம் செய்கிறோம். அதே மனிதன் இவ்வுலகிலிருந்து விடைபெறும் இடத்தைப் பற்றியோ நாம் சிந்திப்பதே அரிது. வீட்டில் எந்த அறை ஒழிந்து கிடக்கிறதோ, மருத்துவமனையில் எந்தக் கட்டில் காலியாகிறதோ, அதுவே அவருக்கு வாய்க்கிறது. இனிக் குணமாகாது என்று மருத்துவர் கைவிட்ட நோயாளிக்கு அமைதி தரும் ஓர் அறையை அமைத்துக் கொடுப்பது கடமையா, வீண் விரயமா? இவ்வினாவை ஈண்டு சற்று ஆராய்வோம்.

விரயம் என்போர் இரு காரணங்கள் கூறுவர். ஒன்று, ஸகீனத் எனும் மன அமைதி அல்லாஹ் உள்ளத்தில் இறக்கியருள்வது. அதைச் சுவரும் சாளரமும் தந்துவிடுமா என்பது. மற்றொன்று, பிழைக்கப் போகாதவருக்குச் செலவிடும் பொருளைப் பிழைக்கக் கூடியவருக்குச் செலவிடலாமே என்பது. இவ்விரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

முதலாவதற்கு ஃபிக்ஹு நூல்களே விடை பகர்கின்றன. ஸக்ராத்தில் இருப்பவரைக் கிப்லாவை நோக்கிக் கிடத்துதல், உலர்ந்த தொண்டையை நீரால் நனைத்தல், கலிமாவை மெல்லென நினைவூட்டுதல், அவர் ஒருமுறை மொழிந்துவிட்டால் வேறு பேச்சுப் பேசினாலன்றி மீண்டும் வற்புறுத்தாதிருத்தல் ஆகியவற்றை நம் இமாம்கள் எழுதி வைத்தார்கள். இவை யாவும் உடலையும் சூழலையும் பற்றியவை அன்றோ? உள்ளத்தின் அமைதிக்கும் புறச்சூழலுக்கும் தொடர்பே இல்லையெனின், இத்துணை நுட்பங்கள் எதற்கு?

இரண்டாவதற்கு நாம் ஜனாஸாவையே சான்றாகக் காட்டுவோம். உயிர் நீங்கிய உடலை மென்மையாகப் புரட்டுகிறோம், மறைவிடம் மறைத்துக் குளிப்பாட்டுகிறோம், கற்பூரம் கலந்த நீர் ஊற்றுகிறோம். அதனால் அவர் எழுந்துவிடப் போவதில்லை. கண்ணியம் அவருடைய உரிமை என்பதாலேயே செய்கிறோம். உயிர் பிரிந்த உடலுக்கே இத்தனை கண்ணியம் எனின், உயிரும் உணர்வும் எஞ்சியிருக்கும் உடலுக்கு எவ்வளவு வேண்டும்!

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் எழுப்பிய மாரிஸ்தான் செல்வர், வறியவர், ஆண், பெண் எனும் பேதமின்றி வக்பு செய்யப்பட்டது. துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீது அமைத்த மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. அங்கே குவிமாடத்தின் கீழ் நடுக்கூடத்தில் நீரூற்று. அதைச் சுற்றி நோயாளர் அறைகள். வாரத்தில் மூன்று நாள் இசைவாணர் வந்ததையும், வசந்த காலத்தில் நோயாளருக்கு மலர்கள் அளிக்கப்பட்டதையும் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியுள்ளார். நோயாளியின் செவியும் மூக்கும் கூட மருத்துவனின் பொறுப்பே என்று கருதிய காலம் அது.

இக்காலத்தில் இவ்வுண்மையைப் புதுப்பித்தவர் இங்கிலாந்தின் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார். 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்த டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர், அம்மையார் பின்னாளில் எழுப்பப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருப்பதாகக் கூறி 500 பவுன் விட்டுச் சென்றார். 1967இல் திறக்கப்பட்ட செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில் அந்தச் சாளரம் இன்றும் உள்ளது. உறவினரற்ற அகதி ஒருவர் தம் இறுதிப் பொருளைக் கொண்டு விரும்பியது ஒரு சாளரத்தை என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நாளை இங்கு நினைவுகூர்வோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மிகச் சிறியது. விலையுயர்ந்த பொருள் எதுவும் அங்கே இல்லை. ஆனால் அதன் திரை பள்ளிவாசலை நோக்கியிருந்தது. திங்கட்கிழமை வைகறையில் பெருமானார் அத்திரையை விலக்கி, அபூபக்கர் (ரலி) அவர்களின் பின்னே மக்கள் அணிவகுத்துத் தொழுவதைக் கண்டு புன்னகைத்தார்கள். விடைபெறுவோரின் அறைக்கு இலக்கணம் இதுவே என்பது நம் துணிபு. அறையில் ஆடம்பரம் வேண்டியதில்லை. அவர் நேசித்த ஒன்றை நோக்கி அது திறந்திருக்க வேண்டும்.

இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டால் செய்யவேண்டியவை தாமே விளங்கும். படுத்திருப்பவரின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சாளரம் அமைய வேண்டும். அவர் நாள் முழுதும் காண்பது கூரையையே. ஆதலின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு நேர் மேலே தொங்கலாகாது. கட்டில் முற்றத்திற்கோ தோட்டத்திற்கோ உருண்டு செல்லுமளவு வாசல் அகன்றிருக்க வேண்டும். கிப்லாத் திசை முன்பே கருதப்பட வேண்டும். தலைமாட்டில் ஒருவர் அமர்ந்து கைபிடிக்க இடம் வேண்டும். ஊதுபத்தியும் சாம்பிராணியும் நோயாளிக்குக் குமட்டலை உண்டாக்குமாயின் விலக்க வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அறை யாருடைய அமைதிக்காக அழகுபடுத்தப்படுகிறது? வாயிலில் பளிங்குக் கல்லும் வரவேற்பறையில் மெத்தை நாற்காலியும் அமைத்து, உள்ளே நோயாளியைத் தனிமையில் விட்டுவிட்டால், அது பார்க்க வருவோரின் மனச்சான்றைத் தாலாட்டும் ஏற்பாடேயன்றி வேறில்லை. அழகிய அறை மனிதருக்கு மாற்றாகாது. மனிதர் வந்து அமர்வதற்கு அது இடம் தருகிறது, அவ்வளவே. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இதை நன்குணர்ந்தது. நோயாளியைக் கட்டடத்திற்கு அழைப்பதோடு நில்லாமல், தொண்டர்களும் செவிலியரும் அவர் வீட்டிற்கே சென்றனர்.

நம் இல்லங்களிலும் இதைத் தொடங்கலாம். முதியவரை இருண்ட உள்ளறைக்கு ஒதுக்காமல் முற்றம் தெரியும் இடத்தில் கிடத்துவோம். கூட்டம் கூடி ஓலமிடாமல், அவர் விரும்பும் ஒருவர் தாழ்ந்த குரலில் யாஸீன் ஓதட்டும். பள்ளிவாசல் பாங்கொலி அவர் செவிக்கு எட்டட்டும்; பேரக்குழந்தைகள் வந்து போகட்டும். வசதி படைத்தோர் வக்புச் செய்யக் கருதினால், ஊருக்கு இத்தகைய ஓர் அறையேனும் அமைத்துக் கொடுப்பது நிலைத்த தருமமாகும்.

நாம் அனைவரும் ஒருநாள் அக்கட்டிலில் படுக்க வேண்டியவர்களே. நமக்கு எத்தகைய சாளரம் வேண்டுமென விரும்புகிறோமோ, அதை இன்று பிறருக்குத் திறந்துவைப்போமாக.