பதில் சொல்ல ஆள் இருக்கா?

உங்கள் பணம் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது?

பர்ஸில் இருப்பதைக் கேட்கவில்லை. பேங்கில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதைக் கேட்கிறேன். "பேங்க்லதான் இருக்கு" என்பீர்கள். பேங்கில் எங்கே? உங்கள் பெயர் எழுதி ரப்பர் பேண்டு போட்ட கட்டு எதுவும் அங்கே இரும்புப் பெட்டிக்குள் இல்லை. நீங்கள் கட்டிய பணத்தில் பெரும்பகுதி வேறு யாருக்கோ கடனாகப் போய்விட்டது. வீடு கட்டுகிறவர், நூல் வாங்குகிறவர், கார் வாங்குகிறவர் என்று அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒரு வார்த்தை. 'நீங்கள் கேட்கும்போது தருவோம்' என்கிற வார்த்தை. பாஸ்புக்கில் அச்சாகியிருந்தாலும் அதுதான், மொபைல் திரையில் தெரிந்தாலும் அதுதான்.

ஆக, எந்த பேங்கில் கணக்கு தொடங்கலாம் என்று யோசிக்கும்போது, யாருடைய வார்த்தையை நம்பலாம் என்றுதான் யோசிக்கிறீர்கள். கிளைக்கே வர வேண்டாம், மொபைலிலேயே கணக்கு ஆரம்பிக்கலாம் என்று விளம்பரங்கள் கூப்பிடுகிற காலம் இது. முகமே தெரியாத ஒருவரின் வார்த்தையை எதை வைத்து நம்புவது?

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் அருள்புரம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த இடம். அங்கே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு டெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்திருக்க ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். பேங்க் பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைச் சாத்துகிறது. சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் பேங்க் லீவு. ஞாயிறு எப்போதுமே லீவு. அவர் கிளைக்குப் போக வேண்டுமென்றால் வேலை நாளில் அரை ஷிப்டை விட வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு அரை ஷிப்ட் என்றால் எத்தனை ரூபாய் என்பது அவருக்குத் தெரியும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

அப்படியே போனாலும்? "இந்த சலான் இல்லீங்க, அந்த சலான்." "அந்த கவுன்ட்டர்ல கேளுங்க." "லஞ்ச் முடிஞ்சு வாங்க." எல்லாக் கிளைகளும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பொறுமையாக எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், பேனாவைக் கடன் கேட்டு, எதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிற ஒடிசாப் பையனைப் பார்த்ததும் சில முகங்களில் வருமே ஒரு சலிப்பு, அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

மொபைலுக்கு அந்தச் சலிப்பு கிடையாது. சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சை அது பார்ப்பதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பினால், 'இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?' என்று கேட்பதில்லை. 2016-ல் யுபிஐ வந்ததிலிருந்து, டீக்கடையில் பத்து ரூபாய் கொடுப்பவருக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஒரே வரிசைதான், ஒரே வேகம்தான். 'அந்தக் காலத்து பேங்க் மாதிரி வருமா?' என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அந்தக் காலத்து பேங்க் எல்லோருக்கும் நாற்காலி போடவில்லை.

ஆனாலும் நம் டெய்லர் ஒரு கேள்வி கேட்பார்.

"பணம் மாட்டிக்கிச்சுன்னா யாருகிட்டங்க போய்க் கேக்கறது?"

எவ்வளவு சரியான கேள்வி! கிளை என்றால் போய் நிற்கவாவது ஓர் இடம் உண்டு. சத்தம் போடலாம், மேனேஜரைப் பார்க்கணும் என்று அடம்பிடிக்கலாம். மொபைலில் மெஷின் பேசுகிறது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. அழுத்திக்கொண்டே இருக்கலாம்.

சரி, தெரிந்த முகமாக இருந்தால் நம்பிவிடலாமா? இதற்குத் திருப்பூரே பதில் வைத்திருக்கிறது. 2008, 2009-ல் இங்கே பாசி என்றொரு கம்பெனி இருந்தது. ஆன்லைனில் அன்னியச் செலாவணி வியாபாரம் செய்து அள்ளித் தருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கியது. மோசடித் தொகை சுமார் 930 கோடி ரூபாய். 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றவாளிகளுக்கு 27 வருஷச் சிறைத்தண்டனை. இம்மாதிரித் திட்டங்களில் ஆள் சேர்ப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டீஸா? விளம்பரமா? மச்சான் சேர்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா சேர்ப்பார். கூட வேலை பார்ப்பவர், "எனக்கு ரெண்டு மாசம் கரெக்டா வந்துருச்சு" என்று சேர்ப்பார். எல்லாமே தெரிந்த முகங்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

அது ஏமாற்றுக் கம்பெனி, பேங்க் அப்படியா என்கிறீர்களா? ஒரு நிஜமான பேங்கையே எடுத்துக்கொள்வோம். 1926-ல் கரூரில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது லட்சுமி விலாஸ் பேங்க். கொங்குப் பக்கத்தில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக அதில் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 500-க்கும் மேற்பட்ட கிளைகள். மேனேஜரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். 2020 நவம்பர் 17-ம் தேதி சாயங்காலம், 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. பெரிய பெரிய கடன்கள் திரும்பி வராமல் அந்த பேங்க் உள்ளுக்குள் நொடித்துப்போயிருந்தது. கவுன்ட்டரில் இருந்த தெரிந்த முகத்துக்கு அதில் எவ்வளவு தெரிந்திருக்கும்? அவர் சம்பளமும் அதே பேங்கில்தானே இருந்தது!

பத்தே நாளில், நவம்பர் 27-ம் தேதி, அந்த பேங்க் சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் எல்லாமே போனது. இதில் ஒரு வேடிக்கை. டிபிஎஸ் 2016-ல் மொபைல் பேங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்த நிறுவனம். கிளையும் முகமும் பழக்கமும் நிறைந்த கரூர் பேங்க், கடைசியில் ஒரு மொபைல் பேங்க்காரரின் கையைப் பிடித்துக் கரையேறியது.

அப்படியானால் மொபைல்தான் நம்பகமானதா? இல்லை. அந்தப் பத்து நாளில் மக்களைக் காப்பாற்றியது முகமும் இல்லை, மொபைலும் இல்லை. 'இது விழுந்தால் நீ பதில் சொல்ல வேண்டும்' என்று ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்டியிருந்த சட்டம்.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. முதலாளி ஜெயிலுக்குப் போனார். பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வேதனையில் இருந்துதான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது. அதன் பிறகுதான் 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரியில் அது 5 லட்சம் ஆனது. ஒரு பேங்கில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை. பேங்க் முடங்கினால் அந்தத் தொகையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால், ஒரு பேங்க் வாசலில் பாஸ்புக்கோடு நின்று அழுத கூட்டம் ஒன்று இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். நம்பிக்கை என்பதை நாம் ஓர் உணர்ச்சியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். 'பார்த்தா நல்லவரா தெரியுது' என்பது உணர்ச்சி. தப்பு நடந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா, அவரைச் சொல்ல வைக்க ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் நம்பிக்கைக்கு அஸ்திவாரம். மனுஷன் நல்லவனாகவே இருக்கட்டும். கேட்கிற உரிமை நமக்கு இருக்க வேண்டும்.

இப்போது மொபைலில் கணக்கு ஆரம்பிக்கப் போகிறீர்களா? தாராளமாக ஆரம்பியுங்கள். ஆனால் வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். அந்த ஆப்புக்குப் பின்னால் இருக்கும் பேங்க் எது? பளபளவென்று இருக்கிற பல ஆப்கள் பேங்கே இல்லை. வேறொரு பேங்குக்கு வாசல் கதவு மட்டும்தான். 2024 ஜனவரியில், பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் இனிப் புதிதாகப் பணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டபோதுதான், ஆப் வேறு பேங்க் வேறு என்பதே பலருக்குப் புரிந்தது. வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு டெபாசிட் இன்ஷூரன்ஸ் கிடையாது. ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கும் கிடையாது.

அடுத்து, கணக்கு தொடங்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஒரு தடவை போன் போடுங்கள். மனுஷர் எடுக்கிறாரா? தமிழில் பேசுகிறாரா? கணக்கு வாங்கும்போதே எடுக்காதவர், பணம் மாட்டிக்கொண்டால் எடுப்பாரா? பேங்க் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம்; காசு செலவில்லை.

வட்டியையும் பார்த்துவிடுவோம். கணக்கில் 20 ஆயிரம் ரூபாய் கிடக்கிறது, மூன்று சதவீதம் கூடுதல் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 600 ரூபாய். மாசம் 50. இதற்காகத்தான் இத்தனை யோசனையா?

இன்னொன்று. தினசரிச் செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொபைலோடு கட்டிவைக்கிற கணக்கில் ஒரு மாசத்துச் செலவுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணம் டீக்கடை ஸ்கேனர் பக்கமே வர வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. யாரோ உங்கள் கணக்கில் திருடிவிட்டார்கள், தப்பு உங்களுடையதும் இல்லை, பேங்குடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. ஆனால் பின் நம்பரையோ ஓடிபி-யையோ நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தால், பேங்குக்குத் தகவல் சொல்கிற வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான். நியாயம்தானே?

நியாயம்தான், படிக்கத் தெரிந்தவர்களுக்கு. ஒரு லைன் வீட்டில், கண் சரியாகத் தெரியாத பாட்டி பென்ஷன் பணத்தை எடுக்க யாரிடம் போவார்? பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டையும் கொடுத்து நம்பரையும் சொல்லித்தான் அனுப்புவார். "கண்ணு, ஐநூறு எடுத்தாந்து குடு சாமி." அவருக்கு வேறு வழியே இல்லாத இந்தக் காரியத்துக்குச் சட்டத்தில் பெயர், அஜாக்கிரதை. யாரையும் நம்பாதே என்று எஸ்எம்எஸ் அனுப்புகிற ஏற்பாடு, நம்பாமல் ஒரு நாளும் வாழ முடியாதவர்களை அந்தப் பையனிடம் விட்டுவிடுகிறது. அங்கே ஆம்பட்ஸ்மேன் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. பதில் சொல்ல வேண்டிய ஆள் அவன் ஒருவன்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். உங்கள் அம்மாவோ, மாமனாரோ, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவோ. அவர்களுக்குப் புது பேங்க் நீங்கள்தான். மொபைலை வாங்கி நாமே டக்கென்று அழுத்தி முடித்துவிடுவது சுலபம். கொஞ்சம் நேரமானாலும் அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பின் நம்பரைத் தட்டும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

அவர்கள் உங்களிடம், "அட, நீதானே, பாரு சாமி" என்பார்கள். அப்போதும் திருப்பிக்கொள்ளுங்கள்.