முட்டுக்கட்டையின் வேலை

எங்கள் ஊரில் கல் கிடையாது. திருவாரூரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் வயல், வாய்க்கால், அதைத் தாண்டினால் மறுபடியும் வயல். மண்வெட்டி எவ்வளவு ஆழம் இறங்கினாலும் களிமண்ணும் வண்டலும்தான். சிறுவயதில் மாங்காய் அடிக்கக் கல் வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்துக்குப் போய்த்தான் பொறுக்கி வருவோம். கோபுரத்தையும் ஆழித்தேரையும் விட்டால், நிமிர்ந்து பார்க்க எங்களுக்கு இருந்தது தென்னையும் வானமும்தான். அந்த மண்ணில் பிறந்த நான், நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெரும்பாறையின் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே நின்றபோதுதான் என் அண்ணனை எனக்குப் புரிந்தது.

பாறையின் பெயர் சாவனதுர்கா. பெங்களூருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், மாகடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர். கரிகுட்டா, பிளிகுட்டா என்று கறுப்பும் வெளுப்புமாய் இரண்டு குன்றுகள். அடிவாரத்தில் நரசிம்மருக்கும் வீரபத்திரருக்கும் கோயில்கள். மக்கள் நடந்து ஏறும் பாதை ஒருபுறம் இருக்க, இன்னொரு புறம் மொட்டையான வழுக்குச் சரிவு. அந்தச் சரிவில் பாறையேறுபவர்கள் போல்ட் அடித்து வழித்தடங்கள் போட்டிருக்கிறார்கள். 'தீபாவளி' என்பது அதில் ஒன்று. மிகக் கடினமானதில்லை, ஆனால் நீளமானது. நானும் அலுவலகத் தோழி ஒருத்தியும் அதில் ஏறினோம். சேலத்துப் பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பாறையில் எனக்கு அவள்தான் வாத்தியார்.

கயிறு பெரும்பாலும் 60 மீட்டர்தான் இருக்கும். பாறை அதைவிடப் பல மடங்கு. அதனால் ஏற்றத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிட்ச் என்று பெயர். ஒருவர் முன்னே ஏறுவார். வழியில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, அதற்குள் கயிற்றை விட்டுக்கொண்டே போவார். மற்றவர் கீழே இரண்டு போல்ட்டில் தன்னைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மாட்டிய பிலே கருவி வழியாகக் கயிற்றை அளந்து அளந்து விடுவார். முன்னே போனவர் கடைசி போல்ட்டுக்கு 4 மீட்டர் மேலே வழுக்கினால், அந்தப் போல்ட்டையும் தாண்டி இன்னொரு 4 மீட்டர் கீழே வருவார். கயிறு இழுபடுவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அவரை நிறுத்துவது கீழே இருப்பவரின் கை. மேலே போனவர் அடுத்த நிலையில் தன்னைக் கட்டிக்கொண்டதும் வேலை மாறும்: அவர் பிடிக்க, இவர் ஏறுவார். எந்த நொடியிலும் இருவரில் ஒருவர்தான் நகர்கிறார். மற்றவர் நிற்கிறார்.

ஏறுவது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. சரிவில் கைக்குப் பிடி எதுவும் கிடைக்காது; ஷூவின் ரப்பர் பாறையோடு உரசி நிற்பதுதான் பிடிமானம். பயம் வந்தால் உடம்பு தானாகப் பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். கட்டிக்கொண்டால் எடை பாதத்தை விட்டு விலகி, கால் வழுக்கும். "பாறையைக் கட்டிக்காதீங்கண்ணா, காலை நம்புங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. மழைநாளில் வரப்பில் நடந்து பழகிய கால் என்னுடையது. அங்கே பெருவிரலை ஊன்றினால் சேறு காலை வாங்கிக்கொள்ளும். பாறை எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஆனால் குதிகாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து, முழு எடையையும் கொடுத்துவிட்டால் தாங்கிக்கொள்கிறது.

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது பிட்ச்சில் பாறையின் வளைவுக்கு அப்பால் போய்விட்டாள், கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். ஹார்னஸ் தொடையை அழுத்தி இடது கால் மரத்துப்போனது. வெயில் ஏற ஏறப் பாறை சுட்டது. அவளைப் பற்றி எனக்குச் செய்தி சொல்ல அந்தக் கயிறு ஒன்றுதான் இருந்தது. ஒரு முழம் போனால் ஏறுகிறாள். நின்றால் யோசிக்கிறாள். சட்டென்று இரண்டு முழம் கேட்டால் கொக்கியில் மாட்டுகிறாள். ஒருமுறை கயிறு வெகுநேரம் அசையவே இல்லை. கண்ணில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டேன். கயிற்றைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், ஒருத்தி ஏறுகிறாள், ஒருவன் சும்மா நிற்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதே பேச்சைத்தான் அண்ணனைப் பற்றி நான் பல வருடம் பேசியிருக்கிறேன். "எங்கண்ணன் ஊர்லயே நின்னுட்டாரு" என்று நண்பர்களிடம் சொல்லும்போது என் குரலில் ஓர் இரக்கம் இருக்கும். நான் ஊரைவிட்டு வந்து பதினெட்டு வருடமாகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று பார்த்திருந்து, குறுவையா சம்பாவா என்று முடிவு செய்து, முறைத் தண்ணீர் வரும் ராத்திரியில் மடையில் காவல் கிடந்தவர் அவர். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவர் அவர். இப்போது அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது, அதற்கும் அவர்தான். எந்தச் சம்பா நெல் என் விடுதிக் கட்டணமாயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விழாமல் ஏறி வந்ததை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தேர் நினைவுக்கு வந்தது. 96 அடி உயரம், 300 டன் எடை என்று ஊரே பெருமையாகச் சொல்லும். பல வருடம் ஓடாமல் கிடந்து 1970-ல் மீண்டும் ஓடியபோது, அந்தக் கூட்டத்தில் அப்பாவும் இருந்தாராம். தேர் அசையும்போது எல்லார் கண்ணும் மேலே இருக்கும். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையோடு சிலர் கூடவே வருவார்கள். எந்தச் சக்கரத்தில் எந்த நொடி கட்டையைப் போட்டால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். திண்ணையில் இடிக்காமல் போவதும், வீதி முனையில் திரும்புவதும், நிலைக்கு வந்து நிற்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. தியாகேசர் வீதியுலா வரும் நாளில் அவர்கள் பார்ப்பதெல்லாம் சக்கரத்தைத்தான். ஆனால் பேச்சுவழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் காரியத்தைக் கெடுக்கிறவன் என்று பொருள். நகர்வது மட்டும்தான் வேலை என்று நம்பத் தொடங்கிவிட்டால், நிறுத்திப் பிடிக்கிறவன் செய்வது வேலையாகவே கண்ணில் படாது. தேரோடும் வீதியில் வளர்ந்த எனக்கே படவில்லை.

பாறையில் ஒரு நியாயம் உண்டு. நான் மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கியபோது அவள் கேட்டாள்: "அடுத்த பிட்ச் நீங்க முன்னாடி போறீங்களா?" பிடித்தவனே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பதினெட்டு வருடமாக அண்ணனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். அனுப்பியதால் முறை மாறிவிடுமா? மேலே இருப்பவன் காசை அவிழ்த்துக் கொட்டினால், கீழே நிற்பவனின் மரத்துப்போன கால் சரியாகிவிடுமா?

உச்சியிலிருந்து மஞ்சனபெலே நீர்த்தேக்கம் தெரிந்தது. அது அர்க்காவதி ஆற்றின் தண்ணீர். அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. காவிரி மேட்டூரில் தங்கி, கல்லணையில் பிரிந்து, கிளை கிளையாகி, கடைசியில் எங்கள் ஓடம்போக்கி ஆற்றுக்கு வருகிறது. எங்கள் வயலின் வண்டலெல்லாம் இந்த மாதிரி மேட்டுநிலப் பாறைகள் காலங்காலமாகக் கரைந்து இறங்கியதுதான். ஊரில் கல் இல்லை என்று சொன்னேனே, அது சரியில்லை. கல்தான் எங்கள் ஊருக்கு வந்து மண்ணாக நிற்கிறது.

தை அறுவடை முடிந்ததும் ஒரு மாதத்துக்கு ஊருக்குப் போனேன். கூடத்தில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அண்ணனும் அண்ணியும் கோவையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஊட்டிக்கும் போவதாகத் திட்டம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து நாலு நாளுக்கு மேல் வெளியே தங்குவது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது அம்மாவின் மாத்திரைகளை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிப்பாங்க. கூப்பிட மாட்டாங்க. கட்டில் லேசா கிறீச்சுங்கும். அந்தச் சத்தத்துக்கே முழிச்சுக்கணும்டா."

பதினெட்டு வருடம் அவர் அந்தக் கயிற்றைப் படித்திருக்கிறார்.

அண்ணன் ஊட்டிக்குப் போன அன்று ராத்திரி, கட்டில் கிறீச்சென்றது. விளக்கைப் போடாமல் பக்கத்தில் போனேன். அம்மா இருட்டில் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"பெரியவனா?"

"சின்னவம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவன் எங்க?"

"மலைக்குப் போயிருக்காரும்மா" என்றேன்.