ஆசிரியர் தருவது கால் பங்கு

வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியரை அமர்த்த நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு என்று. அடுத்துக் கேட்பது, "எவ்வளவு மார்க் வாங்க வச்சிருவீங்க?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவது, மேலுக்குக் கொடுக்கல் வாங்கல் பேச்சு. உள்ளே அறத்தைப் பற்றிய கேள்வி. ஒருவர் கற்றதை இன்னொருவருக்கு விலைக்கு விற்க முடியுமா? முடியாதென்றால் அந்தப் பணம் எதற்கு?

நான் மயிலாடுதுறைக்காரன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் போய் நிற்கும் இடம் நன்னூலின் பொதுப்பாயிரம். வகுப்பில் எழுத்தும் சொல்லும் நடத்துகிற அவசரத்தில் நாம் பெரும்பாலும் தாண்டிப் போகிற பகுதி அது.

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் துறவி. சமணம் சிறப்பித்துச் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் அறியாதவனுக்கு நூல் சொல்வதும் அங்கே ஒரே வரிசை. அந்த மரபில் வந்தவர், யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று எழுதும்போது, சொந்த மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், வழிபட்டு நிற்பவன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் திறமுள்ளவன் ஆகியோரோடு பொருளை நிறையக் கொடுப்பவனையும் சேர்த்திருக்கிறார். துறவிக்கு இதில் கூச்சம் இல்லை. வேண்டியதும் இல்லை என்றே நினைக்கிறேன். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே, ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் படிப்பது நல்லது என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் சொல்லிவிட்டான்.

எங்கள் ஊரில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவர்களிடம் பணம் எதிர்பார்க்காமல் பாடம் சொன்னவர். 1871இல் அவரிடம் வந்து சேர்ந்த உ.வே.சாமிநாதையர் அந்தக் காலத்தை 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சைவர், கிறித்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சொன்ன பெரிய மனம் பிள்ளையவர்களுடையது. ஆனால் அந்தக் கல்விக்குப் பின்னால் திருவாவடுதுறை ஆதீனத்தின் சோறு இருந்தது. அப்படியிருந்தும் அவர் கடன் தொல்லையிலிருந்து மீளவே இல்லை. கல்வி கொடையாக நடக்க வேண்டுமானால் அரிசிக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். இன்று அந்தப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கிறார்கள். ஆகவே ஃபீஸ் கேட்பதில் இழுக்கு இல்லை. கொடுப்பவரும் ஏதோ கடைச் சரக்கு வாங்குவதாக எண்ணத் தேவையில்லை.

அப்படியானால் கொடுத்த பணத்துக்கு எதைக் கேட்கலாம்? இதற்கும் பாயிரத்தில் விடை இருக்கிறது. என்னை எப்போதும் நிமிர்ந்து உட்காரவைக்கும் இடம் அது. ஆசிரியர் சொன்னதை மாணவன் குறைவில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார் பவணந்தியார். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது.

என் தொழிலின் எல்லை இவ்வளவு துல்லியமாக வகுக்கப்பட்டிருப்பதில் எனக்கு நிம்மதிதான். முழுப் பங்கும் என் கையில் இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்கினால் அது பொய்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் பத்தாம் வகுப்பு. அப்பா பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார். திருக்குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் கேள்விக்கு, கைடில் இருந்த குறட்பாக்களின் விடைகளைப் பையன் அப்படியே மனப்பாடம் செய்திருந்தான். கைடில் இல்லாத ஒரு குறளைக் கொடுத்ததும் பேனா நின்றுவிட்டது. புத்தகத்தை மூடச் சொன்னேன். "நம்ம ஊர்ப் பேரையெல்லாம் பிரி பாப்போம்" என்றேன். தேரடி: தே, ரடி. நேர் நிரை, கூவிளம். மணிக்கூண்டு: மணிக், கூண், டு. நிரை நேர் நேர், புளிமாங்காய். துலாக்கட்டத்தைப் பிரித்துவிட்டு, "அய்யா, இதுவும் புளிமாங்காய்!" என்று கத்தினான்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அய்யா, இன்னும் இதுலயே இருக்கீங்களே, போர்ஷன் முடிய வேணாமா?" அவர் கவலையில் தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் அரைப் பங்கு வந்துகொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கட்டத்துல 'கட்' தனியா நிக்குது, மணிக்கூண்டுல 'ம' மட்டும் ஏன் தனியா நிக்கல?" என்று கேட்டாள். பையன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "குறிலுக்கு அடுத்து ஒற்று வந்தா அங்கேயே நின்னுரும். ஒற்று வரலன்னா அடுத்த எழுத்தையும் சேத்துக்கிட்டுத்தான் நிக்கும்." நான் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவனே கண்டுபிடித்த வாக்கியம். அதன் பிறகு அலகிடுதலில் அவன் திணறவில்லை.

தங்கையும் கூட உட்காருவதைப் பார்த்து, தனி ஃபீஸ் தர வேண்டுமா என்று அம்மா கேட்டார். "வேணாம்மா, அவ உக்காந்தாத்தான் இவன் படிப்பான்" என்றேன்.

வீட்டு டியூஷனில் ஒரு குறை உண்டு. பள்ளியில் பிள்ளையைச் சுற்றி நாற்பது பேர் இருக்கிறார்கள். வீட்டிலோ ஒரு மேசை, ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை. கூடப் படிப்பவர்களிடமிருந்து வர வேண்டிய பங்கும், பிறருக்குச் சொல்வதால் வர வேண்டிய பங்கும் அங்கே அடைபட்டுப் போகின்றன. ஆசிரியரின் கால் பங்கை எவ்வளவுதான் பெருக்கினாலும் அந்த முக்கால் வந்து சேராது. அதனால் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "பாடம் நடக்கும்போது யார் அதிகம் பேசுவாங்க?" என்பதுதான். ஒரு மணி நேரமும் ஆசிரியரின் குரல் மட்டும் கேட்டால் கவலைப்பட வேண்டும்.

அந்தக் கால் பங்கைத் தரும் முறையையும் நன்னூல் சொல்கிறது. அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும் சொல்ல வேண்டும், வாங்கிக்கொள்பவனால் எப்படி வாங்க முடியும் என்று தெரிந்து சொல்ல வேண்டும். இவை நான்கையும் பெற்றோர் உரிமையோடு கேட்கலாம். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனத்தில் ஒழுங்கு செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு என்னப்பா பாடம்?" என்று பையனிடம் கேட்கும் ஆசிரியர் அந்த விதியை மீறுகிறார்.

இன்னொன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர்கள் தனிப்பட்ட டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. பிள்ளையின் வகுப்பாசிரியரையே வீட்டுக்கு வரவழைத்தால் கூடுதல் கவனிப்பு கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இது சட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. காலையில் வகுப்பில் சொல்ல வேண்டியதை மாலையில் வீட்டில் விற்பதற்காக நிறுத்திவைக்கும் ஆசை எந்த மனிதருக்கும் வரலாம். அந்த ஆசைக்கு நாம் காசு கொடுக்கக் கூடாது. அப்படி நிறுத்திவைத்தால், ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கால் பங்கும் கிடைக்காமல் போகும்.

பாடம் கூடத்திலோ கதவு திறந்த அறையிலோ நடக்கட்டும். இதைப் பெற்றோர் சொல்லத் தயங்குகிறார்கள். ஆசிரியர் மனம் புண்படுமோ என்ற தயக்கம் இதில் வேண்டாம். நல்ல ஆசிரியர் அவரே முன்வந்து அப்படி உட்காருவார். டிவியை மட்டும் அணைத்துவையுங்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்ற பேச்சை அந்த ஒரு மணி நேரத்திலாவது நிறுத்திவையுங்கள்.

மார்க் உறுதி கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "மார்க்குக்கு என்னால உறுதி தர முடியாது. நேரத்துக்கு வருவேன், தயார் பண்ணிட்டு வருவேன், புரியலன்னா மூணாவது தடவையும் சிரிச்ச முகமா சொல்லுவேன். பையன் நிலைமை எதுவோ அதை மறைக்காம மாசாமாசம் உங்ககிட்ட சொல்லுவேன். அவனா படிக்க ஆரம்பிச்சிட்டா நானே நின்னுக்குவேன்." பெரும்பாலான பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் உறுதி தரும் வேறு ஆசிரியரைத் தேடிப் போகிறார்கள். அவர்களிடமும், அதே தெருவில் ஒரு பிள்ளையைச் சேர்த்து இரண்டு பேராக உட்காரவையுங்கள், ஃபீஸும் பாதியாகும் என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறேன்.