பேச்சின் கடிவாளம்



சில வாரங்களுக்கு முன் ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரத்தில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனும் கையுமாக என்னிடம் வந்து நின்றான். பாடத்தில் எழும் சந்தேகம் முதல் மனதில் எழும் சந்தேகம் வரை, எல்லாவற்றையும் தான் இப்போது கம்ப்யூட்டரிடமே கேட்பதாகச் சொன்னான். "வீட்டில் பயப்படுகிறார்கள், சாமி. ஆனால் நான் பேசினால்தான் அது பேசுகிறது. நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கிறது. அப்படியானால் அதற்கு நான்தானே எஜமான்?" என்றான்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல கேள்வி. இருவர் பேசும்பொழுது பேச்சின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது? முதலில் வாய் திறப்பவன் கையிலா? கேள்வி கேட்பவன் கையிலா? அல்லது பேச்சு எந்தத் திசையில் போகலாம், எதில் போகக் கூடாது என்று முன்னமே வகுத்து வைத்தவன் கையிலா? நீங்களும் சற்று யோசித்துப் பாருங்கள்.

நம் எல்லோருக்கும் பழக்கமான ஓர் இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். ஏதோ ஒரு காரியாலயத்துக்கு டெலிபோன் செய்கிறீர்கள். மனிதக் குரல் போன்ற ஒரு குரல், இதற்கு எண் ஒன்றை அழுத்துக, அதற்கு இரண்டை அழுத்துக என்கிறது. கூப்பிட்டவர் நீங்கள், தேவை உங்களுடையது. ஆனால் கடிவாளம் முழுவதும் அதன் கையில். இறந்துபோன என் உறவினர் ஒருவரின் கணக்கை முடிப்பதற்காக நான் ஒரு வங்கியைக் கூப்பிட்டபொழுது, ஒன்று முதல் ஒன்பது வரை சாவுக்கு எண் இல்லை. சாவு எல்லா வீட்டுக்கும் வருகிறது. அந்தப் பட்டியலுக்கு மட்டும் வரவில்லை!

இந்தக் குறையை விஞ்ஞானிகள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஜைமே கார்பொனெல் என்பவர் "ஸ்காலர்" என்ற பெயரால் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைப் பற்றி எழுதினார். தென் அமெரிக்காவின் பூகோளமே அதன் பாடம். அதுவரை இருந்த போதனை இயந்திரங்கள் நம் பழைய குறிப்பிடத்தைப் போன்றவை. கேள்வி அச்சில் இருக்கும், விடையும் அச்சில் இருக்கும், பிள்ளை ஒப்பிக்க வேண்டும். (குறிப்பிடத்தை நான் குறை சொல்லவில்லை. அதிலே மனப்பாடம் செய்தது மரணப் படுக்கையில் உதவியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.) கார்பொனெல் செய்த புதுமை என்னவெனில், இயந்திரமும் மாணவனைக் கேட்கலாம், மாணவனும் குறுக்கே புகுந்து இயந்திரத்தைக் கேட்கலாம். இரு தரப்பாரும் முன்கை எடுக்கக் கூடிய பேச்சு என்று இதற்கு அவர் பெயரிட்டார்.

இதை வாசித்தபொழுது எனக்கு லூக்காஸ் சுவிசேஷத்தின் ஓர் இடம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதுள்ள சேசு பாலனைத் தாயும் தகப்பனும் மூன்று நாள் தேடி, தேவாலயத்தில் வேதபாரகர் நடுவே கண்டார்கள். அங்கே அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர்கள் சொல்வதைக் கேட்டார்; அவர்களை வினாவினார்; அவர்கள் வினாவியதற்கு விடையும் சொன்னார். கேட்கவும் கேட்கப்படவும் அங்கே இடம் இருந்தது.

1977-ல் இன்னோர் ஏற்பாடு வெளிவந்தது. கலிபோர்னியாவில் ஸீராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் டேனியல் போப்ரோவும் அவருடைய தோழர்களும் செய்தது, பெயர் "கஸ்". விமானப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்கிற குமாஸ்தாவைப் போல அது நடந்துகொள்ளும். எங்கே போக வேண்டும் என்று அது கேட்கிறது. பிரயாணி ஊர்ப் பெயரோடு தேதியையும், கேட்காமலே, சேர்த்துச் சொல்கிறார். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்கிறது. அவரோ அதற்கு நேர் விடை சொல்லாமல், பத்து மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும் என்கிறார். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. கஸ் அதை ஏற்றுக்கொண்டு, அதற்குத் தக்க விமானத்தைச் சொல்கிறது. உடனே பிரயாணி, அது எப்பொழுது புறப்படும் என்று திருப்பிக் கேட்கிறார். உள்ளே இருப்பது என்னவோ ஒரு படிவந்தான்: ஊர், தேதி, நேரம் என்ற கட்டங்கள். காலியான கட்டத்தைப் பற்றி அது கேட்கும். ஆனால் எந்தக் கட்டத்தை எந்த வரிசையில் நிரப்புவது என்பதில் மனிதனுக்கும் கொஞ்சம் உரிமை விட்டிருந்தார்கள். அந்தக் கொஞ்சம் உரிமையில் எவ்வளவு மரியாதை அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

அப்படியானால் கடிவாளம் முழுவதையும் மனிதனிடமே கொடுத்துவிட்டால் குற்றம் நீங்கிவிடுமா? பையன் சொன்னதும் அதுதானே? இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜோசப் வைசன்பாம் என்பவர் பெர்லினில் 1923-ல் பிறந்த யூதர். 1936-ல், ஹிட்லரின் ஆட்சியில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். 1966-ல் "எலைஸா" என்ற ஏற்பாட்டை அவர் வெளியிட்டார். மனநோய் வைத்தியர் நோயாளியைப் பேச விடுவது போல, அது நம் சொல்லையே திருப்பிக் கேள்வியாக்கும். என் தாயாரோடு மனத்தாங்கல் என்று நாம் எழுதினால், தாயாரைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்கும். தாயார் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. சொல்லை இடம் மாற்றிப் போடுகிற சூத்திரங்கள் சில, அவ்வளவே. அவர் அதைச் செய்துவந்ததை மாதக்கணக்காகப் பார்த்திருந்த அவருடைய காரியதரிசியே ஒரு நாள் அதனோடு பேச உட்கார்ந்து, சற்று நேரத்தில் தம்மை அறையை விட்டு வெளியே போகச் சொன்னதாக வைசன்பாம் 1976-ல் எழுதிய புத்தகத்தில் கூறுகிறார். அந்தப் புத்தகம் முழுவதும் ஓர் எச்சரிக்கை. செய்தவரே பயந்தார். எலைஸாவிடம் பேச்சை நடத்தியது முழுக்க முழுக்க மனிதன்தான். ஆனாலும் அங்கே அவனை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே கடிவாளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் தவறு. கேட்பார் இல்லாத இடத்தில் அதை ஒருவன் கையில் போட்டுவிடுவதும் அவனுக்கு உபகாரம் அல்ல. எப்பொழுது பேசுவது, எப்பொழுது காத்திருப்பது, எப்பொழுது குறுக்கிட்டுக் கேட்பது என்பதே கஷ்டமான காரியம். 1997-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் எழுத்து வேலைக்கான சாதனத்தில், காகிதம் கோக்கும் கம்பி உருவத்தில் ஒரு பொம்மை தோன்றி, கடிதம் எழுதுகிறீர்களே, உதவட்டுமா என்று குறுக்கிடும். ஜனங்களுக்கு அதன்மேல் வந்த கோபம் கொஞ்சமன்று. அதே கம்பெனியின் ஆராய்ச்சியாளர் எரிக் ஹார்விட்ஸ் 1999-ல் எழுதிய கட்டுரையில், மனிதனின் எண்ணம் நிச்சயமாகத் தெரியாதபோது தானே செய்துவிடுவதா, கேட்பதா, பேசாமல் இருப்பதா என்பதை, குறுக்கிடுவதால் வரும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இது குருக்களுக்குப் புதிதல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிற ஒவ்வொரு ஆத்தும குருவுக்கும் இந்த நிறுவை தினப்படி வேலை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 979-ஆம் சட்டம், குரு கேள்வி கேட்கும்பொழுது விவேகத்தோடும் அடக்கத்தோடும் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவரின் வயதையும் நிலைமையையும் கவனிக்க வேண்டும். பாவத்துக்குத் துணையாயிருந்தவரின் பெயரைக் கேட்கவே கூடாது என்கிறது. கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு அந்த உரிமைக்கே வேலி போடுகிறது, பார்த்தீர்களா? கேள்வி என்பது அதிகாரம். போலீஸ்காரர் முன் நின்றவர்களுக்கு இது தெரியும். மாமியார் முன் நின்ற மருமகளுக்கும் தெரியும்.

நம் ஆண்டவர் எப்படிப் பேசினார் என்பதை அருளப்பர் சுவிசேஷம் நாலாம் அதிகாரத்தில் இன்றே ஒரு தரம் வாசியுங்கள். நடுப்பகல், யாக்கோபின் கிணறு, களைத்துப்போன சேசு. அவரே முதலில் பேசுகிறார். ஆனால் போதகராக அல்ல, தாகத்தோடு தண்ணீர் கேட்பவராக. உடனே சமாரியப் பெண் கடிவாளத்தை எடுத்துக்கொள்கிறாள்: யூதராகிய நீர் என்னிடம் கேட்பதெப்படி? மொள்ளப் பாத்திரமில்லையே, உமக்கு ஏது ஜீவ தண்ணீர்? யாக்கோபைவிடப் பெரியவரோ? கேள்வி மேல் கேள்வி. அவர் தடுக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் அவர் பேச்சைத் திருப்புகிறார்: உன் புருஷனை அழைத்து வா. அது அவள் நெஞ்சைத் தொடும் இடம். அவள் என்ன செய்கிறாள்? எந்த மலையில் ஆராதிப்பது என்று பேச்சை மாற்றுகிறாள். நாமாயிருந்தால், அதை விடு, முதலில் கேட்டதற்குப் பதில் சொல் என்போம். அவரோ அவள் திருப்பிய பக்கமே கூடப் போகிறார். அந்தப் பாதையிலேயே தாம் யாரென்று அவளுக்குச் சொல்லுகிறார். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள்.

இனிப் பையனின் கேள்விக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்பு இத்தகைய ஏற்பாடுகள் வீடுதோறும் நுழைந்துவிட்டன. நாம் எழுதினால்தான் அவை எழுதும் என்பது பெரும்பாலும் மெய். ஆனால் பதிலின் முடிவில் என்ன வருகிறது என்று கவனித்தாயா என்று அவனைக் கேட்டேன். இன்னும் விளக்கட்டுமா, ஒரு பட்டியல் போட்டுத் தரட்டுமா என்று அடிக்கடி ஒரு கேள்வி வரும். மளிகைக் கடைக்காரர் "வேறென்ன வேணும்?" என்பது போல. நல்ல கடைக்காரர் நாம் மறந்த உப்பை நினைவூட்டுவார். மற்றவர் நமக்கு வேண்டாததைத் தலையில் கட்டுவார். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான். வேறு வேளைகளில், கேட்க வேண்டிய இடத்தில் அது கேட்பதில்லை. தலைவலிக்கு மருந்து என்றால், நல்ல வைத்தியர் எத்தனை நாளாய் என்று முதலில் விசாரிப்பார். இதுவோ பல சமயம் நேரே மருந்துக்குப் போய்விடுகிறது.

அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் தமது பெரிய நூலின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கும்பொழுது, புத்தியும் சுயாதீனமும் உடையவனாய்த் தன் செயல்களுக்குத் தானே மூலமாயிருப்பதில் மனிதன் சர்வேசுரனின் சாயல் என்று விளக்குகிறார். அந்த அர்த்தத்தில் இயந்திரம் எதையும் தொடங்குவதில்லை. எப்பொழுது கேட்க வேண்டும், எப்பொழுது இணங்கிப்போக வேண்டும் என்ற பழக்கத்தை அதற்கு ஊட்டியவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு நல்ல நோக்கமும் இருக்கலாம், லாப நோக்கமும் இருக்கலாம். வத்திக்கான் 2025 ஜனவரி 28-ந் தேதியிட்டு வெளியிட்ட "அந்தீகுவா எத் நோவா" என்ற குறிப்பு, செயற்கை அறிவை ஓர் ஆள் போலக் காட்டுவது தவறென்றும், அதன் காரியங்களுக்குப் பொறுப்பு மனிதர்மேல் நிற்கிறதென்றும் சொல்லுகிறது. "நீ தொடங்குவதால் மட்டும் நீ எஜமான் ஆகமாட்டாய், தம்பி. பேச்சை நீ நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா? ராத்திரி பதினொரு மணிக்கு அது கேட்ட கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் படுக்க முடிகிறதா? அதைப் பார்" என்றேன். அவன் சிரித்தான். சிரிப்பில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

பிறகு அவன் ஒன்று சொன்னான்: "ஆனால் சாமி, அது நான் சொல்வதை முழுக்கக் கேட்கிறது. பெரியவங்க பாதியிலேயே நிறுத்திடுறாங்க." இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. ஏனெனில் அதே வாரத்தில் எனக்கு ஒன்று நடந்திருந்தது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

ஒரு தாயார் பங்கு அலுவலகத்துக்குப் பூசைக் கருத்துக் கொடுக்க வந்தார். நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். என்ன தேதி? எத்தனை மணிப் பூசை? யாருக்காக? இறந்தவருக்கா, உயிரோடிருப்பவருக்கா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உயிரோடிருப்பவர் என்று சொன்னபொழுது குரல் தாழ்ந்தது, நான் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டங்கள் நிரம்பின. ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் சற்று நின்றார். நான் அடுத்தவரைப் பார்த்தேன். அவருடைய மகன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாளாகியிருந்தது என்பது பிறகு வேறொருவர் வாயிலாக எனக்குத் தெரிய வந்தது. அவர் சொல்ல வந்தது அதைத்தான். 1977-ஆம் வருஷத்து இயந்திரம், கேட்காமல் வந்த தேதியை வாங்கி வைத்துக்கொண்டதே. அவ்வளவுகூட நான் செய்யவில்லை. இன்றைக்குள்ள ஏற்பாடாயிருந்தால், வேறேதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டியவன் நான் ஒருவன்தான்; போனேன். அந்தத் தாயார் பேச ஆரம்பிக்க வெகு நேரமாயிற்று. நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மகன் பிற்பாடு திரும்பி வந்தான். இன்னும் வீட்டில் சமாதானம் முழுமையாகவில்லை. உங்கள் ஜெபத்தில் அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற வாரம் முதல் சனிக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை பங்கு அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் திறக்கப்பட மாட்டாது. சான்றிதழ், பூசைக் கருத்து, கலியாண ஓலை சம்பந்தமானவர்கள் மற்ற நாட்களில் வரவும். அந்த இரண்டு மணி நேரமும் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கும். வருகிறவர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் தொடங்கலாம்.

உங்கள் பங்குக் குரு