காட்டைப் பார்த்திருப்பதும் கடமையோ?

சென்ற கோடையில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். காட்டையும் அதன் ஓடைகளையும் ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி, கண்டதைப் படமாகவும் எழுத்தாகவும் ஆக்கியவர்களைப் பற்றி நான் வியந்து பேசியிருந்தேன். "தண்ணீருக்குக் குடம் தூக்கி அலைந்த மாவட்டம் இது. இங்கே ஒருவன் இருபது ஆண்டுகள் ஓடைக்கரையில் உட்கார்ந்து படம் வரைந்தால் அதற்கு என்ன பெயர்? கலையா, சோம்பலா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி வீடுவரை என்னோடு வந்துவிட்டது.

நண்பரின் கேள்வியில் நியாயம் உண்டு. தருமபுரியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அந்நீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறியவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நம் எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடியும், அதன் நீர் நம் குடங்களுக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிற இளைஞரிடம் ஓடையின் அழகைப் பேசினால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வேலையெல்லாம் தன் தலையில் விழுந்திருக்க, சகோதரி மட்டும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்கிறாளே என்று மார்த்தா முறையிட்டதும் ஏறக்குறைய இதே மனக்குறைதான். அந்த மார்த்தாவை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இதே கேள்வியைத் தம் வாழ்வையே பணயமாக வைத்துக் கேட்டுக்கொண்ட குரு ஒருவர் நம் திருச்சபையில் இருந்தார். ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்பது அவர் பெயர். ஆங்கிலக் கவிஞர். 1866-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 1868-இல் இயேசு சபையில் நவதுறவியானவர். சபையில் சேருமுன் தம் கவிதைகளை எரித்துவிட்டார். துறவிக்குக் கவிதை தகாது என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார். ஏறக்குறைய ஏழாண்டுகள் அந்த மௌனம் நீடித்தது. ஆனால் ஒன்றை அவரால் விட முடியவில்லை, பார்ப்பதை. அவருடைய நாட்குறிப்புகளில் மேகங்கள், ஓக் மரத்து இலைகளின் அமைப்பு, பாறையில் மோதிப் பிரியும் நீரின் மடிப்புகள் என்று பக்கம் பக்கமாக வருகின்றன. 1869-இல் ஆறு மாதம் கண்ணடக்கத் தவம் ஒன்றை மேற்கொண்டார். அதனால் அந்த அரையாண்டில் அதிகம் பார்க்க இயலவில்லை என்று பின்னர் குறித்துவைத்தார். பார்ப்பதையே தியாகம் செய்ய வேண்டிய அளவுக்கு அது அவருக்கு இன்பமாக இருந்திருக்கிறது.

1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற கப்பல் கடலில் சிக்கி, ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் உட்பட பலர் மாண்டனர். அதைப் பற்றி யாராவது எழுதினால் நன்று என்று சபை மேலாளர் சொன்ன ஒரு சொல்லில் ஹாப்கின்ஸின் மௌனம் உடைந்தது. அன்று அவர் எழுதியதில் இருந்த கடலும் காற்றும் ஏழாண்டுப் பார்வையில் சேர்ந்தவை. அவர் 1889-இல், 44 வயதில் இறந்தார். கவிதைகள் நூலாக வந்தது 1918-இல். புகழுக்காகப் பார்த்தார் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் வாழ்வில் இன்னொரு செய்தி என்னை அதிகம் தைக்கிறது. 1873-இல் தோட்டத்தில் ஒரு மரம் வெட்டப்படும் ஓசை கேட்டது. உலகின் வடிவங்கள் இப்படி அழிவதைக் காண்பதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றியதாக எழுதினார். ஒரு மரத்துக்கா இவ்வளவு என்று கேட்கலாம். பல நாள் பார்த்தவனுக்கு அது 'ஒரு மரம்' என்று தோன்றாது. அந்த மரம் என்றே தோன்றும்.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). தாவரவியல் படித்தவர். அவருடைய பேராசிரியர் பைசன் மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் செல்வார். நீர்வண்ணம் தீட்டும் முறையைப் பைசனின் துணைவியாரிடம் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். செடியின் பெயரும் தூரிகையின் பிடியும் அவருக்கு ஒன்றாகவே வந்தன. 1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய ஒரு பத்தியைத் தொடங்கினார். 46 ஆண்டுகள் எழுதினார். பத்திக்கான படங்களையும் பெரும்பாலும் தாமே வரைந்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒளிப்படக் கருவியோடு, யானை முதுகில் ஏறிக் காட்டானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தார். கடைசிப் பத்தி வெளிவந்ததும் அதே நாளில்தான்.

அவர் புலியையும் யானையையும் மட்டும் எழுதவில்லை. காகம், மைனா, அணில், பல்லி என்று நம் வீட்டுச் சுவரில் திரிவனவும் அவருக்குப் பொருட்டாயின. நம் காடுகளில் அயல்நாட்டு மரங்களை நடுவது நன்மை என்று பலர் நம்பிய காலத்தில், அது தவறு என்று ஓயாமல் சொன்னார். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? பதவியிலிருந்து வரவில்லை. ஒரு காடு முன்பு எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் கண்டு, கையால் வரைந்து வைத்திருந்தவர் அவர். சாட்சி சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது.

'சாட்சி' என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஒகேனக்கலைக் காட்டும் நாட்காட்டிப் படங்களை வாசக அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். எப்போதும் வெள்ளம், எப்போதும் வெண்புகை, பரிசல் ஒன்று. பஞ்சப்பள்ளி அணையைக் கடந்து வந்து அதே ஒகேனக்கலில் காவிரியோடு சேருகிற சின்னாற்றை யார் வரைந்தார்கள்? ஆண்டில் பெரும்பகுதி அது மணலும் உருண்டைக் கற்களுமாகக் கிடக்கும். மழை பெய்தால் செந்நிறமாகப் புரளும். சில நாளில் குட்டைகளாகச் சுருங்கும். ஒருநாள் வந்து போகிறவர் வெள்ளத்தை மட்டும் வரைவார். அது பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதைப் பார்த்து, தண்ணீருக்கு நம் ஊரில் குறைவில்லை என்று நம்புகிறவர் ஏமாறுகிறார். ஆண்டு முழுவதும் பார்த்தவருக்கு வெள்ளத்தை மட்டும் வரைய மனம் கூசும். பல ஆண்டுகள் பார்த்த பொருளைப் பற்றி நமக்கு வசதியானதை மட்டும் சொல்ல முடியாமல் போகிறது. இதைத்தான் அந்தப் பார்வையின் அறம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அழகு அதற்குப் பிறகுதான்.

எனினும் ஒரு தயக்கமும் உண்டு. காட்டை நெடுங்காலம் பார்த்தவர்கள் என்றதும் படித்தவர்களின் பெயரே நாவில் வருகிறது. நீலகிரியில் ஆலு குறும்பர் வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் கொண்டு சுவரில் தீட்டிய ஓவியங்களில், பாறைச் சரிவில் தொங்கித் தேன் எடுப்பவரும் சடங்கில் ஆடுபவரும் இருக்கிறார்கள். அங்கே காடு மனிதரில்லாத காட்சிப் பொருளாக நிற்பதில்லை. வெளியிலிருந்து போகும் நாம் சட்டத்துக்குள் மரத்தை வைத்துக்கொண்டு, அதன் அடியில் விறகு பொறுக்கும் பெண்ணை வெளியே நிறுத்திவிடுகிறோம். ஹாப்கின்ஸிடமும் கிருஷ்ணனிடமும் கற்கத் தக்கது நிறைய உண்டு. இதைக் குறும்பரிடம்தான் கற்க வேண்டும்.

காட்டுச் செடிகள் எப்படி வளர்கின்றன என்று கவனிக்கும்படி ஆண்டவர் சொன்னதை நாம் கவலையை விடுவதற்கான அறிவுரையாகவே கேட்டு வந்திருக்கிறோம். மத்தேயு அங்கே கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றாகக் கற்றறிதல் என்று பொருள். மேலும், வளர்வதை ஒரே பார்வையில் காண முடியாது. நாளையும் அங்கே வர வேண்டும். மறுநாளும் வர வேண்டும். இதை நினைத்தபோது மார்த்தாவுக்கும் மரியாவுக்கும் இடையே நான் கண்ட பகை சற்றுக் குறைந்தது.

இரு வாரம் கழித்து நண்பரையும் அழைத்துக்கொண்டு சின்னாற்றங்கரைக்குப் போனேன். அவர் பிறந்த ஊர் அந்தக் கரையில்தான். ஆறு வறண்டு கிடந்தது. மணலில் ஓரிடத்தில் யானைகள் நீருக்காகப் பறித்த குழி இருந்தது. அடியில் ஈரம் மட்டும். நண்பர் அதைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். "நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதே இடத்தில்தான் அம்மா ஊற்றுப் பறிப்பாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் வந்துவிடும்" என்றார். பிறகு, கேட்காமலேயே, எந்த ஆண்டு அது இடுப்பளவு ஆழத்துக்குப் போனது, எந்தப் புங்கமரம் முதலில் காய்ந்தது, ஓடை முன்பு எந்தப் பாறையைச் சுற்றித் திரும்பியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எனக்குப் புரியவில்லை என்று கண்டு, ஒரு குச்சியை எடுத்து மணலில் குனிந்து வரையலானார்.